மஞ்சக் குருவிப் பாட்டு

1919 பெப்ரவரி 3, திங்கள்

இன்றும் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா காய்ச்சலில் போன பிறகு தங்கச்சி பவளத்துக்கு நான்தான் சோறு ஊட்டுகிறேன். ரெண்டு வயதாகிறது, இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. அம்மா அவளுக்கென்றே கட்டிய பாட்டைப் பாடினால்தான் வாய் திறப்பாள்.

ஒத்தெலை ரெண்டெலை
கூடை நெறைஞ்சா கொழுந்து மலை
மலைமேல குந்துற மஞ்சக் குருவி
பாப்பா வாயில பறந்து போ!

'பறந்து போ' என்றதும் உருண்டை உள்ளே போய்விடும்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் குடியிருக்கும் ரெங்கம்மா அத்தை கேட்டுவிட்டு ஓடி வந்தார். "செத்தவ பாட்டப் பொழுது சாஞ்சு பாடாதடி! அவளே புள்ளயத் தேடி வந்துருவா." அப்பா, "இனி அந்தப் பாட்டு இந்த வீட்டுல வேணாம்" என்றார். சொல்லிவிட்டு வெளியே போய் வெகுநேரம் நின்றார்.

அடுப்புத் தணல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். விளக்கு ஏற்றினால் அப்பா விழித்துக்கொள்வார். கதவு ஆடுகிறது. காற்றுத்தான். காற்றாகத்தான் இருக்கும்.

பெப்ரவரி 5

பவளத்தைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு அவள் காதுக்குள் பாடினேன். தின்றாள். அம்மா வந்தால்தான் என்ன, வரட்டுமே — இல்லை, வேண்டாம். பவளத்தைக் கொண்டுபோய்விட்டால்?

பெப்ரவரி 9

மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து அம்மாவின் தங்கை நல்லம்மா சின்னம்மா வந்திருக்கிறார். அவருக்குப் பிள்ளையில்லை. பவளத்தைக் கூட்டிப்போக வந்திருக்கிறார்!

"நான் விடிஞ்சும் விடியாம பெரட்டுக்கு, வேலைக்குன்னு போனா புள்ளய யாரு பாக்குறது? அஞ்சலையும் நாலு எழுத்து படிக்கணும்ல" என்கிறார் அப்பா. நான் படிக்காவிட்டால் என்ன?

சின்னம்மா ஊட்டினார். பவளம் வாயை இறுக்கிக்கொண்டாள். "என்னமோ பாட்டுப் பாடுவியாமே, என்ன பாட்டு தாயி?"

"தெரியாது" என்றேன். தின்னாத பிள்ளையை விட்டுவிட்டுத்தானே போவார்?

பெப்ரவரி 11

"நீ கூட இருந்தா அவ சின்னம்மாகிட்ட ஒட்டமாட்டா" என்று அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினார். திரும்பி வந்தால் சின்னம்மா சேலையெல்லாம் கஞ்சி. "ஏன்டி ராசாத்தி, என் கையி என்ன வேப்பங்காயா?" என்று சிரித்தார். பிறகு அழுதார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

பெப்ரவரி 12

பவளம் இன்று அழக்கூட இல்லை. அம்மாவும் கடைசியில் இப்படித்தான் சத்தமில்லாமல் கிடந்தாள். ஐயோ, நான் என்ன செஞ்சிக்கிட்டு இருக்கேன்!

தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் சின்னம்மாவுக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். குருவிக்கு விரலை ஆட்டுவதையும். "வேகமாப் பாடாதீங்க சின்னம்மா. மஞ்சக் குருவிக்குப் பெறகு கொஞ்சம் நிக்கணும். அவ வாயப் பாக்கணும்."

"ஒனக்கு எங்கக்கா கொரலுடி."

வீட்டுக்கு வந்து, ரெங்கம்மா அத்தைக்குக் கேட்கும்படியே பாடினார். அப்பா தடுக்கவில்லை. பவளம் வாய் திறந்தாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். என்னைத் தேடவில்லை.

பெப்ரவரி 14

போய்விட்டார்கள்.

1920, பொங்கலுக்கு மறுநாள்

சின்னம்மா வந்தார். பவளம் அவர் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைப் பார்த்தாள். அவரைத்தான் அம்மா என்கிறாள். என் முன்னால் இலையில் பொங்கல் ஆறிப்போய்க் கிடந்தது.

மெதுவாக வந்து எதிரில் குந்தினாள். என் இலையிலிருந்து உருண்டை பிடித்தாள். விரலை ஆட்டிப் பாடினாள். மஞ்சக் குருவிக்குப் பிறகு நிறுத்தி, என் வாயைப் பார்த்தாள்.

"ஒனக்கு இந்தப் பாட்டுத் தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

"வாயத் தொற. நான் சொல்லித்தாரேன்."

திறந்தேன்.