நான் அழித்த பதினொரு படங்கள்

இன்று ஆடிக் கிருத்திகை பந்தோபஸ்து. சரவணப்பொய்கைக்குப் பக்கத்தில் கூட்டத்தை மறிக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து நின்றிருந்தேன். மொட்டையடித்துக் குளித்து வந்த ஒரு பெரியவர், தலையில் ஈரச் சந்தனத்தோடு என்னை உரசிக்கொண்டு போனார். அந்த வாசம் பட்டதும் நிற்க முடியவில்லை. கயிற்றைப் பக்கத்திலிருந்த பெண் காவலரிடம் கொடுத்துவிட்டுப் பூக்கடை நிழலில் போய் உட்கார்ந்தேன். நீ போய் இரண்டு வருடமாகிறது. உனக்கு எழுத இப்போதுதான் துணிச்சல் வந்தது.

பள்ளிப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. நான் காக்கி போட்டேன், நீ கேமரா வாங்கினாய். கல்யாணமும் காதுகுத்தும் எடுத்துச் சம்பாதித்தாய். மீதி நேரமெல்லாம் தெருவை எடுத்தாய். திருப்பதி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், தாலுக்கா ஆபீஸ் வாசலில் மனுவோடு குந்தியிருப்பவர்கள். யாராவது முகம் சுளித்தால் எடுத்ததைக் காட்டுவாய். வேண்டாம் என்றால் அவர்கள் கண்ணெதிரே நீயே அழிப்பாய். பொய்கையில் பெண்கள் குளிக்கும் பக்கம் கேமராவைத் திருப்பியதே இல்லை.

"ரோட்ல நின்னு எடுக்கறதுக்கு யாரும் பர்மிசன் தர வேணாம்டி. எத எடுக்கக் கூடாதுன்னு நமக்குத்தான் தெரியணும்" என்பாய்.

ஆறு வருடத்துக்கு முந்தைய கிருத்திகை அது. வெளியூரிலிருந்து பந்தோபஸ்துக்கு வந்த அதிகாரி ஒருவர், மலைப் படிக்கட்டு அடிவாரத்தில் பொரி விற்றுக்கொண்டிருந்த கிழவியை எழுந்து போகச் சொன்னார். அவள் எழுவதற்குள் லத்தியால் கூடையைக் கவிழ்த்தார். பொரி முழுக்க பக்தர்களின் காலடியில். நீ எதிர்ப்பக்கம் ரோட்டில் நின்று அதை எடுத்துவிட்டாய். நான் உன்னைப் பார்த்ததையும் அவர் பார்த்துவிட்டார்.

"தெரிஞ்ச பொண்ணா? போயி வாங்கி அழிச்சிட்டு வா."

வந்தேன். அன்று உன்னோடு பேசியதில் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

"குடுடி. பெரியவரு கோவமா கீறாரு."

"ரோட்ல நின்னுகினு எடுத்தேன். சன்னதிக்குள்ளயா பூந்தேன்? எந்தச் சட்டத்துல கேக்குற?"

"சட்டம் பேசாத. குடு."

"சரி, கேமராவ எடுத்துகினு போ. ஆனா எடுத்துகினேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ. அழிக்க மட்டும் கூடாது. அது உன் வேல இல்ல."

நான் பிடுங்கினேன். வார் இழுபட்டு உன் கழுத்தில் சிவப்பாய்க் கோடு விழுந்தது.

பொரிக்காரக் கிழவியின் படத்தைத் தேடிப் பின்னால் தள்ளினேன். அதைத் தாண்டிப் போய்விட்டேன். திரையில் உன் நைனா வந்தார், உன் அப்பா. அப்போதுதான் மொட்டையடித்து, சந்தனம் பூசி, தோளில் பூக்காவடியோடு. பள்ளிக்கூட வாசலில் உனக்கு போண்டா வாங்கும்போதெல்லாம் எனக்கும் சேர்த்து வாங்கிய மனிதர். தறியில் உட்கார்ந்து வளைந்த முதுகை அன்றைக்கு நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தார். பதினொரு படம். பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

"இன்னும் என்னம்மா பண்ற?" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. பதறிப்போய் அழிக்கும் பட்டனைத் தட்டினேன். எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேமரா கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

நீ கத்தவில்லை. "எல்லாத்தயுமா?" என்று மட்டும் கேட்டாய்.

அன்று சாயங்காலம் உனக்கு ஒரு காதுகுத்து. இருந்த ஒரே மெமரி கார்டில் அதை எடுத்தாய். மூன்றாம் வாரம் நைனா மார்வலி வந்து போய்ச் சேர்ந்தார். அழிந்ததை மீட்டுத் தரச் சொல்லிக் கார்டைச் சென்னைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாயாம். அதன் மேலேயே வேறு படங்கள் ஏறிவிட்டன, இனி வராது என்றார்களாம். துக்கத்துக்கு வந்தபோது சுவரைப் பார்த்தேன். ஆதார் அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தீர்கள். முகமே தெளிவாக இல்லை. நீ என்னைப் பார்க்காமல் உள்ளே போனாய்.

அப்புறம் நீ தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாய். பொது வழியில் நின்று படம் எடுப்பதை எந்த உத்தரவு தடுக்கிறது, எடுத்ததை அழிக்கக் காவலருக்கு எந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது என்று. அப்படி எந்த உத்தரவும் இந்த அலுவலகத்தில் இல்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அதையும் சேர்த்துப் புகார் எழுதினாய். அதிகாரியைக் குறிப்பிட்ட நீ, என்னை 'ஒரு பெண் காவலர்' என்று மட்டும் எழுதியிருந்தாய். புகாருக்குப் பதிலே வரவில்லை.

அந்தக் கிருத்திகை முடிந்து நான்காம் வருடம் நீ வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்று கேள்விப்பட்டு வந்தேன். போகச் சொல்லிவிடுவாய் என்று கதவருகிலேயே நின்றேன். உன் முடியெல்லாம் கொட்டியிருந்தது.

"உக்காரு" என்றாய்.

"ஏன்டி என் பேர எழுதல?"

"எழுதினா உன் வேலதான் போவும். அந்தாளுக்கு ஒண்ணும் ஆவாது."

என் பக்கம் திரும்பிப் படுத்தாய். பிறகு, "அழிக்கறதுக்கு முன்ன நீ பாத்த இல்ல?" என்றாய்.

"ஆங்."

"எப்டி இருந்துச்சி? வெயில்ல நான் ஒண்ணக்கூட சரியா பாக்கல. வீட்டுக்குப் போயி பாக்கலாம்னு இருந்தேன்."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூன்றாவதில் கீழ்வரிசைப் பல் இல்லாமல் சிரிக்கிறார். ஐந்தாவதில் மலையைப் பார்க்கிறார். ஆறாவதில் நேராக உன்னையே பார்க்கிறார். எட்டாவதைச் சொல்லத் தயங்கினேன்.

"ஒண்ணுல கண்ண மூடிகினு இருந்தாரு."

நீ சிரித்தாய். "அப்ப நெசமாத்தான் சொல்ற. எப்ப எடுத்தாலும் ஒண்ணுல மூடிருவாரு."

அதற்குப்பின் வாராவாரம் வந்தேன். வந்ததும் முதலிலிருந்து சொல்லச் சொல்வாய். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். ஒருநாள் பாதியில் நிறுத்தி, "என்ன மன்னிச்சிடுடி" என்றேன்.

"அத அப்புறம் பேசலாம்" என்றாய். "ஆறாவது சொல்லு."

அடுத்த வாரம் நான் வந்தபோது கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

இப்போது என்னோடு டூட்டி பார்க்கும் பிள்ளைகள் யாருடைய கேமராவிலாவது கை வைத்தால் தடுக்கிறேன். கோபமாகக்கூடத் தடுக்கிறேன். அதனால் உனக்கு ஒன்றும் திரும்பப் போவதில்லை என்று தெரியும். அந்தப் படங்களைப் பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். தினமும் குளிக்கும்போது, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, ஒன்று முதல் பதினொன்று வரை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். இன்று பூக்கடை நிழலில் உட்கார்ந்தும் சொல்லிப் பார்த்தேன். ஏழாவதில் காவடி எந்தத் தோளில் இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.