மூன்றாம் ஓலை

1.9.2024, ஞாயிறு

இன்று ஆராதனையில் ஷாஜனுக்கு முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள்; இன்னும் இரண்டு ஞாயிறு சபையில் இப்படி அறிவித்தபிறகுதான் கல்யாணம். கிரேசி மாமியின் ஒரே மகன். மஸ்கட்டிலிருந்து வந்து இரண்டு மாதம். பெண்ணுக்கு ஊர் மயிலாடி. மாமி மாதர் சங்கச் செயலாளர் அல்லவா, முதல் பெஞ்சில் பளபளவென்று இருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்கும் வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிறு, "இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம்" என்று போதகர் வழக்கம்போல் கேட்டார். யாரும் எழுந்ததே கிடையாது. இந்தக் கிரேசி மாமி எழுந்தாள். "பெமிலாவுக்குப் பேய்க்கோளாறு ஐயா. கிறுக்கு மாத்திரை திங்கா."

அப்பா இறந்தபிறகு ஆறு மாதம் நான் குளிக்காமல், பேசாமல் கிடந்தது உண்மை. டாக்டர் கொடுத்த மாத்திரையில் எழுந்து நடந்ததும் உண்மை. மாப்பிள்ளை வீட்டார் அதற்குப்பிறகு போனை எடுக்கவே இல்லை. அம்மா என்னை உபவாச ஜெபத்துக்கு இழுத்துப்போனாள். தலையில் கைவைத்து "வெளியே போ" என்று கத்தினார்கள். யாரை?

மறக்கமாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

3.9.2024

கர்த்தர் இருக்கிறார்!

நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் மெடிக்கலுக்கு ஷாஜன் வந்தான். மாஸ்க் போட்டிருந்ததால் என்னை அடையாளம் தெரியவில்லை. சீட்டை நீட்டினான். நான் சாப்பிடும் அதே மாத்திரை! பத்து நாளுக்குப் போதும் என்றான். கல்யாண வீட்டில் இது கிடக்கக் கூடாதென்று அம்மா சொல்லிவிட்டாளாம். கல்யாணம் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடுமாம்.

அப்படியா கிரேசி மாமி? என் மாத்திரை என்றால் பேய், உன் மகன் மாத்திரை என்றால் ரகசியமா?

15-ம் தேதி மூன்றாம் ஓலை. அதே இடத்தில் எழுந்து நிற்பேன்.

8.9.2024, ஞாயிறு

இரண்டாம் ஓலை. வாசலில் மாமி என் தோளில் கைவைத்தாள். "உனக்கும் கர்த்தர் ஒரு வழி திறப்பாரு மக்கா." திறப்பார், அடுத்த ஞாயிறு. என் மூன்றாம் ஓலை அன்றைக்கு உடுத்திருந்த நீலச் சேலையைத் தேய்த்து வைத்துவிட்டேன்.

10.9.2024

சோறு இறங்கவில்லை. சொல்லப்போகிற வாக்கியத்தைத்தான் நாள் முழுக்க மென்றுகொண்டிருக்கிறேன்.

12.9.2024

ஷாஜன் மறுபடி வந்தான். கண் சிவந்து, கை நடுங்கி. சனிக்கிழமை அம்மா மீதி மாத்திரையை அடுப்பில் போட்டுவிட்டாளாம். ஐந்து நாளாகத் தூக்கமில்லை. மெதுவாகக் கேட்டான்: "அக்கா, இதைத் திங்கவன் கல்யாணம் கெட்டலாமா?"

அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். என் கையையே பார்ப்பதுபோல் இருந்தது. இவனை இப்படியே அனுப்பினால் தாலி கட்டுகிற இடத்திலேயே விழுவான், ஊரே பார்க்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். சீ, என்ன பிறவி நான்?

மாத்திரையைக் கொடுத்தேன். மாஸ்க்கைக் கழற்றினேன். அடையாளம் தெரிந்ததும் அவன் முகம் செத்துப்போனது.

"அந்தப் பிள்ளைகிட்ட நீயே சொல்லு. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சொல்லலேன்னா நான் சபையில சொல்லுவேன்."

14.9.2024

ஷாஜன் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். சொல்லிவிட்டானாம். அவள் அழுதாளாம். பிறகு, எந்த டாக்டர், அடுத்த தடவை நானும் வருகிறேன் என்றாளாம்.

சை! என் வாக்கியம் வீணாய்ப் போச்சு. தேய்த்த சேலையை மட்டும் கட்டாமல் விடமாட்டேன்.

15.9.2024, ஞாயிறு

போதகர் கேட்டார். எழுந்தேன்.

கிரேசி மாமி திரும்பிப் பார்த்தாளே ஒரு பார்வை — மூன்று வருஷம் காத்திருந்தது இதற்குத்தான். அவசரப்படவில்லை. உதடு உலர்ந்து அவள் நாக்கால் தடவும்வரை நின்றேன்.

"தடை ஒண்ணுமில்ல ஐயா. மூணு வருஷம் முன்னால இங்க எனக்குப் பேய்னு சொன்னாவ. அது பேயில்ல, வியாதி. இப்பவும் மாத்திரை சாப்பிடுதேன். நல்லா இருக்கேன்."

உட்காருவதற்குள் ஆண்கள் பக்கம் பெஞ்சு நகர்ந்தது. ஷாஜன்! "நானும் சாப்பிடுதேன்" என்றான்.

மாமி பைபிளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மத்தியானம் அம்மா மீன்குழம்பில் நடுத்துண்டை எனக்கு வைத்தாள்.

18.9.2024

நாளைக்குக் கல்யாணம். கிரேசி மாமி கடைக்கு வந்தாள். நல்ல கூட்டம். சீட்டை நாலாக மடித்து என் பக்கம் தள்ளினாள்.

எதற்கான மருந்து மாமி, சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன். சீட்டிலேயே இருக்கிறது, வேண்டுமென்றேதான் கேட்டேன். நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"மனசுக்குச் சொகமில்லாததுக்கு," என்றாள். "எனக்க மவனுக்கு."

முப்பது நாளுக்கு எடுத்தேன். கவரில் போட்டு மறைக்காமல், அப்படியே அவள் கையில் கொடுத்தேன்.