கல்குவாரிப் படத்தின் முடிவு

திருப்பாதிரிப்புலியூர்,
18.5.2010

அன்பு மருமகள் இசைவாணிக்கு,

கடலூர் மாவட்டத்துத் தாய்மாமன்களுக்கெல்லாம் தலைவனும், ஒரே காலையில் மூன்று வீட்டில் காபி குடித்துவிட்டு நாலாவது வீட்டில் இன்னும் குடிக்கவில்லை என்று சொல்லும் வல்லமை படைத்தவனுமாகிய உன் மாமா வைத்திலிங்கம் எழுதுவது. நாக்பூர் வெயிலில் நீ உருகாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே செம்மண்டலத்தில் உங்கள் வீட்டு மாடியில் காயப்போட்ட வடாம் நேற்று பொரிந்தே கீழே இறங்கியது.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் உங்கம்மா பக்கத்தில் நின்று திருத்துவாள். நான் பத்து என்றால் அவள் ரெண்டு என்பாள். வாழ்க்கையில் முதல் தடவையாக முழு உண்மை சொல்லப்போகிறேன், அதற்கு இடைஞ்சல் வேண்டாம் என்றுதான் கடுதாசி.

உங்கப்பாவைப் பற்றித்தான். பயப்படாதே, நல்ல சேதி. பொங்கலுக்குப் பிறகு பக்கவாதம் வந்தபோது நீ வந்து பார்த்துவிட்டுப் போனாய். இப்போது தடி பிடித்து வாசல் வரைக்கும் நடக்கிறார். பேச்சுதான் பாக்கி. பேசப் பேசத் தெளியும் என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் மார்ச்சில் ஒருநாள் மளிகைக்கடையில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டும் கடைக்காரருக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற யாரோ சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு மூடிய வாய். தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைப் பார்ப்பார். உன் போன் அடித்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

அப்பாவுக்கு என்மேல் கோபமா, வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று அம்மாவிடம் அழுதாயாமே. கோபமெல்லாம் இல்லை பாப்பா. அந்தக் குரல் உன் காதில் விழக்கூடாது என்று நினைக்கிறார், அவ்வளவுதான்.

இப்போது கொஞ்சம் சினிமாவுக்கு வா. எண்பதுகளில் வந்த படங்களைப் போல இனி பிரம்மாவே நினைத்தாலும் எடுக்க முடியாது. எங்கள் ஊர் புவனகிரி தாண்டி. படம் பார்க்கச் சிதம்பரம் போகணும். மாலைக் காட்சி முடிய ஒன்பதரை ஆகும், கடைசி பஸ்ஸோ ஒன்பது மணிக்கு. அதனால் அந்தப் பத்து வருஷத்தில் ஒரு படத்தின் முடிவைக்கூட நம் குடும்பம் பார்த்ததில்லை. வில்லன் கதாநாயகியைத் தூணில் கட்டியதும் உங்க தாத்தா எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டுவார். எங்களுக்கு அதுதான் சுபம்.

மிச்சத்தைப் பார்க்க ஆள் வைத்திருந்தோம். உங்கப்பாதான். எங்கள் அத்தை மகன், சொந்தமாக சைக்கிள் வைத்திருந்த ஒரே மகராசன். கடைசி வரை இருந்து பார்த்துவிட்டு சைக்கிளில் வருவார். காலையில் கிணற்றடியில் முடிவைச் சொல்வார். துவைக்கிற கல் குதிரையாகும், வாளி வெடிகுண்டாகும். உங்கம்மா காதில் விழாத மாதிரி ஒரே சொம்பை ஒரு மணி நேரம் தேய்ப்பாள். அந்தச் சொம்பில் இன்றைக்கும் முகம் பார்த்துத் தலை வாரலாம். கல்யாணப் பேச்சு வந்தபோது, வேறு இடத்தில் கட்டிக்கொடுத்தால் படத்துக்கு முடிவு யார் சொல்வது என்று கேட்டவள் அவள்.

பத்து நாளைக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் மூன்று படம் அடங்கிய டிவிடி தட்டு ஒன்று அகப்பட்டது. அதில் அந்தக் காலத்தில் சிதம்பரத்தில் நாங்கள் முடிவு பார்க்காமல் எழுந்து வந்த கல்குவாரிப் படமும் இருந்தது. லாரி டிரைவர், அவனுக்காகக் காத்திருக்கும் இட்லிக்கடைப் பெண், மீசை முறுக்கும் குவாரி முதலாளி. மத்தியானம் செம்மண்டலத்தில் போட்டேன். அக்கா கட்டிலில், மச்சான் நாற்காலியில். லாரி குவாரிக்குள் இறங்குகிறது. முதலாளி வெடித்திரியில் நெருப்பு வைக்கிறான். கரண்ட் போய்விட்டது. உங்க தாத்தா எழுந்து வேட்டி கட்டிய அதே இடம்.

ஃபேன் சுற்றி ஓய்ந்தது. அக்கா பழக்கதோஷத்தில் மச்சான் பக்கம் திரும்பினாள்.

"அப்புறம் என்னாச்சுங்க?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நான் சும்மா இருந்ததைப் பார்த்தவர்கள் உலகத்தில் இவர்கள் ரெண்டே பேர்தான்.  மச்சான் தடியை இடது கையால் தூக்கினார். அது லாரியாயிற்று. சொம்பு வெடியாயிற்று. வார்த்தை சிக்கியது, இழுத்தது, நடுவில் நின்றே போனது. அக்கா அவசரப்படுத்தவில்லை.

"சாவல. நொண்டிக்கிட்டே… வந்துட்டான். இட்லி கேட்டான்."

அன்றைக்குக் கிணற்றடியில் சொன்ன அதே முடிவு. அக்கா சிரித்தாள், அப்புறம் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கரண்ட் வந்ததும் விறுவிறுவென்று போய் டிவியை நிறுத்தினாள். கதைதான் தெரிஞ்சிபோச்சே என்றாள்.

நான் விடுவேனா. தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து மிச்சத்தைப் பார்த்தேன். லாரி டிரைவர் வெடித்துச் சிதறுகிறான் பாப்பா. இட்லிக்கடைப் பெண் வெள்ளைப் புடவையோடு நிற்கிறாள். மற்ற ரெண்டு படத்தையும் பார்த்தேன். குடோன் படத்தில் அண்ணன் சாகிறான், கப்பல் படத்தில் ஜோடியாகவே மூழ்குகிறார்கள். எங்களுக்குத் தெரிந்த கதையில் எல்லாரும் ஈரத்துணியோடு கரையேறிச் சாப்பிட உட்காருவார்கள். அத்தனை பேரையும் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து உயிரோடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறார் மனுஷன். மாவட்டத்திலேயே பெரிய புளுகன் நான்தான் என்று இத்தனை வருஷம் கர்வமாக இருந்தேன். போச்சு. உங்கம்மாவுக்கு இது தெரியுமா என்று நான் கேட்கவில்லை. டிவியை நிறுத்தப் போனவள் கொஞ்சம் வேகமாகத்தான் போனாள்.

மச்சான் வெளியாளிடம் இன்னும் பேசுவதில்லை. ஆனால் தினமும் மத்தியானம் அக்காவுக்கு ஒரு முடிவு சொல்கிறார்.

ஆகவே நீ வேலையை விடாதே. வருகிற ஞாயிறு போன் பண்ணு. போனை அவர் காதில் வைப்பது என் பொறுப்பு. எப்படி இருக்கீங்க, மாத்திரை போட்டீங்களா என்றெல்லாம் கேட்காதே. கப்பல் படத்தில் கடைசியில் என்னாச்சுப்பா என்று கேள். நேரமாகும். புரியவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே, அப்புறம் என்று கேள். அழுகை வந்தால் போனைத் தள்ளிப் பிடித்துக்கொள். அவர் என்ன முடிவு சொல்கிறாரோ அதை நம்பு. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நம்பினோம், ஒரு குறையும் வரவில்லை.

எல்லாரும் நல்லபடியாக வீடு வந்து சேர ஆசீர்வாதம்.

உன் மாமா
வைத்திலிங்கம்
(மாவட்டத்தின் இரண்டாவது பெரிய புளுகன்)