பேட்டரிக்கு வைத்த சந்தனம்

இன்று காலை சந்தனக் கிண்ணத்தோடு வேனின் பானெட்டைத் தூக்கிக் குனிந்தேன். பேட்டரியின் புளித்த வாடையும் சந்தனமும் சேர்ந்து மூக்கில் ஏற, கை அப்படியே நின்றுவிட்டது. நண்பா, நீ கண்ணை மூடிய பிறகு வரும் முதல் தசரா இது. கேலி செய்ய நீ இல்லாததால் நானே என்னைத் தடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் என்னை யாரும் தடுக்கவில்லை. ஒன்பதாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு சாங்வியில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன் நான். ஓடுகிற வண்டியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். ஓடாத வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்போதுதான் என் மகள் இன்ஜினியரிங் முடித்திருந்தாள், தசராவுக்கு மறுநாள் சாகண் கார் ஃபாக்டரியில் அவளுக்கு இன்டர்வியூ. பஸ்ஸில் போகிறேன் என்றவளை நான் விடவில்லை. அந்த ஃபாக்டரி கேட்டில் என் வேனிலிருந்துதான் அவள் இறங்க வேண்டும். உனக்கும் ஆசை, இன்டர்வியூ அன்று கேம்ப் ஏரியாவிலிருந்து விடிந்ததும் விடியாததுமாக, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றாய்.

சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"பேட்டரி செத்துப் போச்சு" என்று அறிவித்தேன். மாடியிலிருந்து "தக்கா மாரூ கா?", தள்ளட்டுமா என்று மராத்தியில் குரல் வந்தது. தள்ளுவதற்கு நாலு வீட்டு ஆண்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்கி வந்தார்கள். நானும் பின்னால் ஓடப் போனேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"அரே, சும்மா நில்லுப்பா. அவ பாக்கட்டும்."

"அவ போட்டிருக்கறது வெளுத்த சட்டைய்யா" என்றேன். " அழுக்காயிடும்."

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம், அப்பா. வழியில ஒரு சிக்னல்ல ஆஃப் ஆனா அங்க யார் தள்ளுவா?" என்றாள் அவள். பிறகு உன்னிடம், "அங்கிள், நீங்க டிரைவர் சீட்ல உக்காந்து நான் சொல்றத மட்டும் செய்ங்க" என்றாள். என்னிடம் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஹார்ன் அடிக்கச் சொன்னாள். தெருவே திரும்பிப் பார்த்தது. ஹெட்லைட் போடச் சொன்னாள், பளிச்சென்று எரிந்தது. அது எரியும்போதே சாவியைத் திருப்பச் சொன்னாள். டக். லைட் பொட்டென்று அணைந்தது.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. கரண்ட் போற வழியிலதான் அடைப்பு" என்றவள், பேட்டரி முனைகளில் மாட்டியிருந்த இரண்டு கிளாம்பையும் தொட்டுப் பார்த்தாள். ஒன்று சுட்டது. சாவியை எடுக்கச் சொல்லிவிட்டு இரண்டையும் கழற்றினாள். சுட்ட கிளாம்புக்குள் மஞ்சளாக, சுவருக்குப் பூசினது போல் காய்ந்திருந்தது.

"அப்பா, இதுக்குள்ள யாரு சந்தனம் வெச்சது?"

நான்தான். முந்தின நாள் தசரா பூஜையில், மேலாக ஒரு பொட்டு வைத்தால் மரியாதைக் குறைவு என்று, கிளாம்பைக் கழற்றி முனையிலேயே குழைத்துப் பூசி, திரும்ப இறுக்கியிருந்தேன்.

நீ ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாய். "எங்க சர்ச்ல வண்டிக்குத் தண்ணி தெளிக்கறதோட விட்டுடுவாங்கப்பா." தள்ள வந்தவர்களும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. உப்புத்தாளால் முனையைப் பளபளவென்று தேய்த்து, கிளாம்பை மாட்டி இறுக்கி, "இப்ப திருப்புங்க" என்றாள். வண்டி ஒரே இழுப்பில் உறுமியது.

ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் கேட்டில் இறக்கினேன். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து நான் பெருமையாக, "எப்படியோ கொண்டுவந்து சேத்துட்டேன் பாத்தியா" என்றேன். நீ பன்னை டீயில் நனைத்தபடி, "நீ டிரைவர்ப்பா. வண்டியைக் கொண்டுவந்தவ உள்ள போயிருக்கா" என்றாய். வாழ்க்கையில் என்னை யாரும் அவ்வளவு சந்தோஷமாக மட்டம் தட்டியதில்லை.

வெளியே வந்தவளின் சட்டைக் கையில் கறுப்பாக ஒரு தீற்றல். அது என்ன என்று உள்ளே கேட்டார்களாம். காலையில் நடந்ததை அப்படியே சொன்னாளாம். "அப்பா பேரைக் கேட்டாங்களா?" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் டீ புரையேறிவிட்டது.

இப்போது அதே ஃபாக்டரியில் அவளுக்குக் கீழே இருபது பேர் வேலை செய்கிறார்கள். வேலையிலோ வீட்டிலோ அவளுக்கு ஏதாவது சிக்கல் என்று காதில் விழுந்தால், ஓடிப்போய்த் தள்ளத்தான் எனக்குத் தோன்றும். அப்போது மணிக்கட்டில் உன் பிடி தெரிகிறது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் அவளே கண்டுபிடித்துவிடுகிறாள். எனக்குக் கை அரிப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை.