ஒரே ஓர் அட்டை

என் லாரிக்காரருக்கு,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. "தினம் எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "குடம் குடமா" என்று புளுகிவிட்டேன். அவர் சிரித்தார். "யூரின்ல திரும்பத் திரும்பக் கிருமி வருது. விட்டா கிட்னிக்கு ஏறிடும். நிறையத் தண்ணி குடிங்க" என்றார். நீங்கள் பயப்படாதீர்கள், கொஞ்சம் முதுகுவலிதான்.

தையல் லைனில் பெண்கள் அத்தனை பேருக்கும் கக்கூஸ் போக ஒரே அட்டை. சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்க வேண்டும். அதனால் யாரும் தண்ணீர்ப் பக்கமே போவதில்லை. துணி வெட்டும் ஆண்களுக்கு அட்டையே தேவையில்லை. உங்களுக்கோ வழியெல்லாம் மரம்! எங்கள் வயிறு மட்டும் கம்பெனிக்குச் சொந்தமா என்று ஒரே யோசனை எனக்கு.

டாக்டரம்மா சொன்னபடி எல்லாரும் குடித்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை வந்தது. நேற்று குடித்தோம். மொத்தமாக எழுந்து நின்றோம்.

"அட்டை ஒண்ணுதாம்மா இருக்கு!" என்று கத்தினான் சூப்பர்வைசர்.

"கிழிச்சு ஆளுக்குக் கொஞ்சம் குடுப்பா" என்றேன்.

அட்டையை மேசையில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டான். எல்லாரும் போய்வந்தோம். மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது. மேனேஜர் ஐயா அப்போது அவருடைய கக்கூஸில் இருந்தார். நாங்கள் மிஷினுக்குத் திரும்பிவிட்டதால், அவர் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை.

உங்கள் வாயாடி