கிழிஞ்ச பாரிஸ் கோபுரம்

மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும்.

இண்டைக்கு மகள்ட பள்ளிக்கூடப் படம் எடுக்க டவுன் ஸ்டூடியோவுக்குப் போனனாங்க. உள்ளுக்குப் பெரிய சீலையில வரைஞ்ச பாரிஸ் கோபுரம் தொங்குது! பக்கத்தில பிரமிட், தாஜ்மஹால். உங்கட கப்பல் போன இடங்கள் எண்டு நீங்க முன்னால நிண்டு எடுத்து போனுக்கு அனுப்பின அதே படங்கள். கோபுரத்துக்குக் கீழ இருக்கிற கிழிசலும் அதேதான்.

உங்கட படத்தைக் காட்டினன். "ஓம் தங்கச்சி, இவர் குச்சவெளிக் கடற்கரை மீன்வாடியில வேலைக்கு நிக்கிறவர். மாதத்தில ஒருக்கா வந்து படம் எடுப்பார்" எண்டார் ஸ்டூடியோக்கார நானா.

குச்சவெளியா மச்சான்? பஸ்ஸில போற தூரத்திலயா? ரெண்டு வருசமா நான் கடலைப் பாத்தெல்லோ அல்லாஹ்விட்ட துஆ கேட்டனான்! கப்பல் வேலை தாறன் எண்டு காசு வாங்கினவன் ஏமாத்தினா ஏமாத்திட்டுப் போறான். நம்மட வீட்டுக் கதவை நான் பூட்டியா வச்சனான்?

மகளையும் அந்தக் கோபுரத்துக்கு முன்னால நிப்பாட்டினன். "உம்மா, வாப்பா இருக்கிற ஊருக்கு வந்திட்டமா?" எண்டு கேட்டாள். ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.

"அப்ப வாப்பா எங்க?"

அவள்ட படத்தோட இந்தக் கடிதத்தையும், நீங்க அடுத்த மாதம் படம் எடுக்க வரேக்க தரச்சொல்லி, நானாவிட்டக் குடுத்திட்டுப் போறன். அவளுக்குப் பதிலை நீங்களே வந்து சொல்லுங்க.

உங்கட மகள்ட உம்மா