நின்ற இடத்தில் உறுமும் வண்டி

என் புழுதிக்காரத் தம்பி பாபுவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் பைக்கின் ஃப்யூஸைக் கழற்றி நைட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் பல் துலக்கினேன்.

நீ போனதிலிருந்து நைனா தினமும் கொட்டகைக்குப் போய் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். டீ ஆறிப்போகும். வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். பம்புசெட்டோடு வாழ்ந்த மனிதர் அல்லவா? ஓட்டாமல் விட்டால் இன்ஜின் பாழாகும் என்பது அவர் பயம்.

ஆனால் இது பம்புசெட் இல்லையே. உன்னோடு பந்தயம் ஓட்டிய சேகர் போனில் கத்தினான். "அக்கா, அது ரேஸ் வண்டிக்கா! ரேடியேட்டருக்கு ஃபேனே கெடையாது. ஓடனா காத்துல கூல் ஆவும். நிக்க வெச்சே உறும வுட்டா கொதிச்சி இன்ஜின் பூடும். நைனாகிட்ட சொல்லுக்கா."

எப்படிச் சொல்வது? நீ காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவரிடம், இந்த வண்டியைச் சாகடிக்கிறீர்கள் என்றா? ஊரில் பாதிப் பேர் நீ வண்டியிலிருந்து விழுந்துதான் செத்தாய் என்று நினைக்கிறார்கள். டெங்கு என்றால் அவர்கள் முகத்தில் ஏமாற்றம் தெரிகிறது.

இந்த வண்டியைச் செய்த கம்பெனியைப் பற்றி நீ பேசாத நாள் உண்டா? எங்கோ ஐரோப்பாவில், காட்டிலும் பாறையிலும் பந்தயம் ஓட்டி ஓட்டியே வண்டி செய்யக் கற்றவர்கள் என்பாய். "ஜெயிச்ச வண்டிய ஷோகேஸ்ல வெச்சிடுவானுங்க. ஒடஞ்ச வண்டியத்தான் பிரிச்சிப் போட்டு ஒக்காந்து பாப்பானுங்க. அடுத்த வருசம் அந்த எடம் ஒடையாது." பனமலை ஏரிக்கரையில் விழுந்து எழுந்து சேற்றோடு வந்து இதைச் சொல்லும்போது எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அந்தப் பேச்சைத்தான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று நைனா பட்டனை அழுத்தினார். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினார்.

"இன்னா நைனா, ஆவலயா?" என்றேன், எதுவும் தெரியாதவள் போல.

அவர் சீட்டைத் தடவிக்கொடுத்தார். "தொண்ட கட்டிக்கிச்சி போலக்குதும்மா இவனுக்கு."

டீயைத் தொடவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். அமாவாசை என்பதால் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு போயின. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. குளிக்கப் போவது போல உள்ளே போய், கொட்டகைப் பக்கம் சுற்றி வந்து, அவர் முகம் கழுவப் போன நேரத்தில் ஃப்யூஸை மாட்டிவிட்டேன். அடுத்த அழுத்தில் வண்டி உறுமியது. "பாத்தியா, வந்துட்டான்" என்று சிரித்தார். நான் ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படி எத்தனை நாள்? நிறுத்தினால் அவர் நொறுங்குவார், விட்டால் வண்டி நொறுங்கும். இன்று முழுக்க ஆபீசில் ஒரு வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஏறிப் பார்த்தேன். சீட் என் இடுப்புக்கு மேலே இருக்கிறது, ஒரு கால் தரைக்கு எட்டவில்லை. ஸ்கூட்டியில் அனந்தபுரத்தைத் தாண்டிப் போகாதவள் நான். உனக்குத் தெரியும்.

ஸ்டார்ட் செய்வதை அவர் விடவேண்டாம். வண்டிக்கு வேண்டியது காற்று, அதுதானே? அறுவடை முடிந்து நம் கொல்லை நிலம் வெறுமையாகத்தான் கிடக்கிறது. சேகரைக் கூப்பிட்டு கிளட்ச் பிடிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன். இனி நைனா ஸ்டார்ட் செய்து கொடுப்பார், நான் ஏறி ஓட்டிக்கொண்டு போவேன். நாற்பத்து மூன்று வயதில். விழுவேன், சிரிக்காதே. ஆனால் நிறுத்த மாட்டேன், இது சத்தியம்.

நைனாவிடம் சொல்லவில்லை. சேகரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில்.

உன் பின்னால் உட்காரவே பயந்த அக்கா,
செல்வி